அரை மணி நேரமா, 4 மணி நேரமா? நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் உங்கள் நாய்க்குத் தெரியுமா?

சாயங்காலம் 7 மணி. லிஃப்ட்டை விட்டு வெளியே வருகிறீர்கள். பையிலிருந்து சாவியை எடுப்பதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் பிறாண்டும் சத்தம். குப்பையைக் கீழே போட்டுவிட்டு மூன்று நிமிடத்தில் திரும்பினாலும் வரவேற்பு உண்டுதான், ஆனால் அது இந்த அளவுக்கு இருக்காது. மணி பார்க்கத் தெரியாத நாய் இந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் தெரேஸ் ரென், லிண்டா கீலிங் இருவரும் இதைச் சோதித்து 2011-ல் ஆய்வை வெளியிட்டார்கள். 12 நாய்களை அவற்றின் வீட்டிலேயே அரை மணி நேரம், 2 மணி நேரம், 4 மணி நேரம் எனத் தனியாக விட்டு வீடியோ எடுத்தார்கள். பெரும்பாலான நேரம் நாய்கள் சும்மா படுத்துத்தான் கிடந்தன. உரிமையாளர் திரும்பியபோதுதான் விஷயமே. அரை மணி நேரத்தில் வந்தவரைவிட, 2 மணி நேரம் கழித்து வந்தவருக்கு வாலாட்டலும் துள்ளலும் அதிகம். ஆனால் 2-க்கும் 4-க்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதை வைத்து "நாய் மணிக்கணக்கை எண்ணிக்கொண்டே இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. தனியாக இருக்கும்போதே நேரம் போவதை நாய் உணர்ந்ததா, இல்லை ஆளைப் பார்த்த பிறகுதான் 'ரொம்ப நேரமாச்சு' என்று உறைத்ததா? இந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டது இது. தவிர, 12 என்பது சின்ன எண்ணிக்கை.

அடுத்த துப்பு மூக்கில் இருக்கிறது. ஒரு தடத்தில் முதல் காலடி கொஞ்சம் பழசு, கடைசிக் காலடி கொஞ்சம் புதுசு. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெப்பர், வெல்ஸ் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அடுத்தடுத்த 5 காலடிகளை மோந்தாலே, நடந்தவர் எந்தத் திசையில் போனார் என்று நாய்கள் கண்டுபிடித்தன. சில நொடி இடைவெளியில் வாசனையில் ஏற்படும் மாற்றம் அவற்றுக்குப் போதும். அதாவது மங்கிய வாசனை என்றால் பழையது.

இதை வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தவர் நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ். நீங்கள் கிளம்பியதிலிருந்து உங்கள் வாசனை குறைந்துகொண்டே வருகிறது. 'இந்த அளவுக்குக் குறைந்தால் ஆள் வந்துவிடுவார்' என்று நாய் பழகியிருக்கலாம் என்பது அவரது ஊகம். பிபிசி நிகழ்ச்சி ஒன்றில், உரிமையாளர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து வீட்டுக்குள் வாசனையைப் புதுப்பித்தார்கள். அன்று அந்த நாய் வழக்கமான நேரத்தில் காத்திருக்கவில்லை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு நாய், ஒரு டிவி நிகழ்ச்சி. அதை வைத்து நான் சார்ட் போட மாட்டேன்.

உடலுக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமல் காலை 6 மணிக்கே வாக்கிங்குக்கு உங்களை எழுப்புவது அதுதான். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், ஸ்கூல் வேன் ஹாரன் என்று தினமும் வரிசையாகக் கேட்கும் சத்தங்களும் துணை. நொடிக்கணக்குக்கு மூளையில் தனி ஏற்பாடு இருக்கலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல், 6 நொடி காத்திருக்கப் பழக்கிய எலிகளின் மூளையில், காத்திருக்கும்போது மட்டும் வரிசையாக இயங்கும் செல்களைக் கண்டார்கள். எலிக்கு இருப்பது நாய்க்கும் இருக்கலாம்தான். ஆனால் ஆய்வு எலியில் நடந்தது.

சரி, வொர்க் ஃப்ரம் ஹோம் முடிந்து ஆபீஸுக்குத் திரும்புகிறவர்கள் என்ன செய்வது? பிரிட்டனின் டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நாயைத் தனியாக விட வேண்டாம் என்கிறது. போக வர டிராஃபிக்கையும் சேர்த்து 10 மணி நேரம் வெளியே இருப்பவர்கள், நடுவில் யாராவது வந்து பார்க்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். திடீரென்று ஒரு திங்கட்கிழமை முழு நாளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 5 நிமிடம், 15 நிமிடம், அரை மணி நேரம் என்று முன்கூட்டியே பழக்குங்கள்.

இன்னொன்று. ஸ்வீடன் ஆய்வில் அமைதியாகப் படுத்திருந்தவை தனிமைப் பிரச்னை இல்லாத நாய்கள். உங்களுடையது எப்படி என்று தெரிய, பழைய போனில் கேமராவை ஆன் செய்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். தனிமை தாங்காத நாய்கள் பெரும்பாலும் நீங்கள் போன முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே குரைப்பது, ஊளையிடுவது, கதவைப் பிறாண்டுவது என்று காட்டிவிடும். அப்படி எதையாவது பார்த்தால், அந்த வீடியோவோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.