உறுதி கைக்கு வரும்வரை

பதுளையிலிருந்து லுணுகலை செல்லும் பாதையில், தேயிலை மலைகள் சூழ அமைந்திருக்கும் பசறையில், ஒரு குடும்பம் தனக்கென ஒரு வீட்டைத் தேடிக்கொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. கொழும்பிலோ மத்திய கிழக்கு நாடுகளிலோ பிள்ளைகள் உழைத்து அனுப்பிய பணத்தைத் திரட்டி, நகரை ஒட்டிய இடத்தில் பத்துப் பேர்ச்சஸ் காணியையோ ஒரு பழைய வீட்டையோ விலைக்கு வாங்குவது ஒன்று. பாட்டன் காலத்து லயக் காம்பராவில் இருந்தபடியே, தோட்டத்தில் அளந்து தரப்படும் சிறு துண்டிலே எழும்பப் போகும் வீட்டுக்குத் தன் பெயர் எப்போது வருமென்று காத்திருப்பது மற்றொன்று. முதல் வழியில் செல்பவர் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். இரண்டாம் வழியில் செல்பவரோ மூன்று நான்கு தலைமுறையின் உழைப்பைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். காரியம் எந்தக் கந்தோரில், எவருடைய மேசையில், என்ன காரணத்தால் தங்கியிருக்கிறது என்பதை அறிய முடியாத நிலை இருவருக்கும் பொது.

ஒன்றன் முடிவுக்காக மற்றொன்று காத்திருக்கும் இவ்விதச் சங்கிலித் தொல்லை இங்கிலாந்தில் வீடு வாங்குவோருக்கும் உண்டு. தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டே அடுத்த வீட்டை வாங்க வேண்டியிருப்பதால், ஐந்தாறு குடும்பங்களின் கொடுக்கல் வாங்கல் ஒன்றோடொன்று பிணைந்து, ஒன்று தடைப்பட்டால் யாவும் தடைப்படும். ஒப்பந்தப் பத்திரங்கள் கைமாறும்வரை எவரும் எவருக்கும் கட்டுப்பட்டவரல்லர். ஆயினும் அங்கே சங்கிலியின் கண்ணிகளில் பெரும்பாலானவை குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் அவசரம் இருக்கிறது. பசறையின் தோட்டங்களில் குடும்பம் இருப்பது சங்கிலியின் ஒரு முனையில் மட்டுமே. மற்றவை யாவும் கந்தோர்கள். கந்தோருக்கு ஒழுகுகிற கூரை கிடையாது.

இந்தச் சங்கிலி இவ்வளவு நீண்டதற்குச் சரித்திர காரணம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய லயங்கள், தொழிலாளி தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும்வரை தங்குவதற்கான இடமாகவே கருதப்பட்டன. அவற்றில் பிறந்து, அவற்றிலேயே மாண்டவர்களுக்கும் அந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்கும் அதிகாரம் சட்டப்படி இருந்ததில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசாங்கத்தின் உடைமையாயின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது, நிலம் அரசுக்கும், 2045 வரையிலான குத்தகை பெரும்பாலும் கம்பனிக்கும், குடியிருப்பு மட்டும் தொழிலாளிக்கும் என்று உரிமை மூன்று கூறாயிற்று. பிற்பாடு கடனாகப் பணம் கொடுத்து வீடு கட்டுவித்த திட்டங்கள் பல வந்தன. மாதந்தோறும் சம்பளத்தில் தவணை பிடித்துக்கொள்ளப்பட்டது. கடன் தீர்ந்த பின்னும் உறுதிப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்கள் மலையகமெங்கும் இருக்கின்றன. கடனை வசூலிப்பதில் மாத்திரம் தாமதமே ஏற்பட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச்சஸ் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்தச் சிறு துண்டு ஒரு குடும்பத்தின் பெயருக்கு மாற வேண்டுமானால், கம்பனி அந்த நிலத்தைக் குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டமாதலால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். நில அளவையாளர் அளந்து வரைபடம் கொடுக்க வேண்டும். தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சும், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட மலையகப் புதிய கிராமங்கள் அதிகார சபையும், பயனாளிகள் பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் தத்தம் பங்கைச் செய்ய வேண்டும். இறுதியில் பதிவு நிகழ வேண்டும். இவற்றுள் எதுவும் அநாவசியமானதன்று. மண்சரிவு ஆய்வை வீண் சம்பிரதாயம் என்று எவரேனும் சொன்னால், அவர் ஊவாவின் மலைகளை அறியாதவர். குறை எங்கே இருக்கிறதென்றால், ஒரு கந்தோரின் வேலை முடிந்து அடுத்த கந்தோருக்குக் காகிதம் போன செய்தியை, அந்தக் காகிதத்தில் எவர் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்குச் சொல்லும் கடமை எவருடையதென்று ஒருவருக்கும் வகுக்கப்படாமையில் இருக்கிறது. காலையில் பறித்த கொழுந்து அன்றைய தினமே மடுவத்தில் நிறுக்கப்பட்டுத் தொழிற்சாலையை அடைந்துவிடுகிறது. பறித்தவளின் விண்ணப்பமோ எந்தத் தராசிலும் ஏறாமல் வருஷக்கணக்கில் கிடக்கிறது.

தாமதத்துக்கு ஓர் உதாரணம் போதும். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்தபோது, மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் அதற்கு முன் தொடங்கியிருந்த 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று அறிவித்தார். அவற்றில் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டும் வைபவம் நடந்தது 2024 பெப்ரவரியில். இடையில் ஆட்சிகள் மாறின, கொள்ளைநோய் வந்தது, 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்கு ஏறின. இவை யாவும் நியாயமான காரணங்களே. ஆனால் அந்த ஏழாண்டுகளிலே, கூரைத்தகட்டை மாற்றுவதா, பின்புறத்தில் ஒரு குசினியை இறக்குவதா, மகனுக்குக் கலியாணம் பேசுவதா, அல்லது எல்லாவற்றையும் வீடு வரும்வரை ஒத்திவைப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் இருந்த குடும்பங்களுக்கு அந்தக் காரணங்களைக்கூட முறையாக எடுத்துச் சொன்னவர் எவர்? தோட்டத் தலைவரிடம் கேட்டால் அவர் தொழிற்சங்கக் காரியாலயத்தைக் காட்டுவார், அங்கே கேட்டால் அமைச்சைக் காட்டுவார்கள், கந்தோர் வாசலில் நின்று, "ஐயா, நம்ம பேரு லிஸ்ட்ல வந்திருக்குங்களா?" என்று கேட்டால், "வரும், போயிட்டு வாங்க" என்பதே விடை. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகள் சுமார் 2,000 பேருக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டபோதுகூட, இது காணி உறுதியா, அல்லது வீடு தரப்படுமென்ற அத்தாட்சியா என்ற விவாதம் எழுந்தது. கையில் வாங்கிய காகிதம் இன்னதென்று வாங்கியவருக்கு ஐயமறத் தெரியாமற் போவது சாமானியமான குறையன்று.

தாமதத்தைச் சகித்துக்கொள்ளலாம், மௌனம் சில வேளைகளில் உயிரையே கேட்டுவிடும். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. நிறுவனம் எழுதியது, அதிகாரிகள் அறிந்திருந்தார்கள், ஓரளவு ஜனங்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆயின், எங்கே போவது, எந்த நாளில் போவது, போகிற இடத்தில் கூரை யாருடையது என்பவற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய ஒருவர் அந்தச் சங்கிலியில் இல்லை. எஞ்சியவர்கள் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கிக் காத்திருந்து, இரண்டு வருஷங்களுக்குப் பின்னரே 75 புதிய வீடுகளுக்குக் குடிபோனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் தித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோதும், முகாம்களில் ஒதுங்கியவர்களின் வாயில் முதலில் வந்த வினா எங்களுக்கு எப்போது வீடு என்பதுதான்.

இந்த மௌனத்துக்கு மலையகத்துக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று விலாசம். லயத்துக்குத் தெருப் பெயர் கிடையாது; கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து எவர் கையிலாவது கொடுத்தனுப்பப்படுவதே நெடுங்கால வழக்கம்; நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்ததால் உத்தியோகத்தை இழந்த வாலிபர்களின் கதை தோட்டந்தோறும் உண்டு. வீட்டு விண்ணப்பத்துக்கு வரும் பதிலுக்கும் அதே கதிதான். மற்றொன்று பாஷை. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் பல 1999ஆம் ஆண்டிலேயே இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டிருந்தும், சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைவது இன்றும் நடக்கிறது. தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. தயவாகக் கேட்க வேண்டிய சலுகையன்று.

இனி, பணம் கொடுத்து வாங்குபவர் சங்கதி. இவர் அவதிப்படுவது பெரும்பாலும் அவசரத்தால். காணி பிடித்துவிட்டது, தரகர் உத்தரவாதம் சொல்லுகிறார், விற்பவர் நல்ல மனிதராகத் தோன்றுகிறார் என்றவுடன், ஒரு வெறுங் காகிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் செல்லுபடியாகிறது. அதன்படி காணி விக்கிரயம் மட்டுமல்லாமல், பின்னால் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். அவ்விதம் எழுதப்படாத வாக்கை வைத்துக்கொண்டு, காணியை எழுதித்தா என்று நீதிமன்றத்தில் வற்புறுத்த இயலாது. உடன்படிக்கையை எழுதும்போதே, விற்பவர் இன்ன தேதிக்குள் இன்ன பத்திரங்களைத் தர வேண்டும், தவறினால் முற்பணம் இவ்விதம் திரும்ப வேண்டும் என்பவற்றைச் சேர்த்துக்கொண்டால், பிற்பாடு தொலைபேசியில் கெஞ்சுவதற்கு அவசியம் குறையும்.

உறுதி எழுதியாயிற்று என்றவுடன் காரியம் முடிந்ததாக எண்ணுவதும் தவறு. 1927ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுந்தால், மோசடியின்றி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. ஆகவே, நொத்தாரிசு "எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன பிறகும், பதுளைக் காணிப் பதிவகத்தில் உறுதி சேர்க்கப்பட்டதா, எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டில் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம். கேட்பது அவமரியாதையல்ல, நல்ல நொத்தாரிசு இதற்குக் கோபிப்பதுமில்லை.

இரு வழியினருக்கும் பொதுவான உபாயம் ஒன்றைச் சொல்லலாம். வாயால் கேட்ட கேள்விக்கு வாயால் வரும் விடையே மிஞ்சும். எழுதிக் கேட்ட கேள்விக்குக் கந்தோரில் ஓர் இலக்கம் விழும். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அதில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் ஒருவரே, அவர் தமிழும் சிங்களமும் அறிந்த பிள்ளையாயிருந்தால் மெத்த நலம், எல்லாக் கந்தோர்களுக்கும் போய் வந்து, யாரைக் கண்டோம், என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வர வேண்டும். கணவன் ஒரு நாளும், மைத்துனன் மறுநாளும், தலைவர் அதற்கடுத்த நாளும் போய்க் கேட்டால், மூன்று விதமான விடைகளே மிஞ்சும்.

அரசாங்கக் கந்தோர்களைப் பொறுத்தவரையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் ஜனங்கள் போதுமான அளவு கையாளாத ஆயுதம். பயனாளிகள் பட்டியல், மண்சரிவு ஆய்வின் முடிவு, நில அளவையின் நிலை ஆகியவற்றை எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தகவல் அதிகாரி தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயன்படாவிடில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. எதற்காகக் கேட்கிறாய் என்று வினவும் அதிகாரம் அவர்களுக்கில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; அதற்குக் கட்டணமும் கிடையாது. அடுத்த முறை பசறை பிரதேச செயலகத்துக்குப் போகிறவர்கள், "லிஸ்ட் வந்துச்சா?" என்று வாசலில் கேட்டுத் திரும்பிவிடாமல், தகவல் அதிகாரி எந்த மேசையில் இருக்கிறார் என்று விசாரித்து, கேள்வியை அவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள்.