கூடுதலும் கூடாமையும்

திருக்குறளின் 83ஆம் அதிகாரம் ‘கூடாநட்பு’. ‘கொள்ளக்கூடாத நட்பு’ என்றே இத்தலைப்புக்கு இன்று பலர் பொருள் கொள்கின்றனர். அது பொருந்துமா என்பதை அறிய, ‘கூடு’ என்னும் வினைச்சொல்லின் வரலாற்றைக் காண்போம்.

வேரும் கிளையும்

‘கூடு’ என்பதன் அடிப்படைப் பொருள் ஒன்றுசேர்தல். ‘மக்கள் கூடினர்’ என்பது தன்வினை. ‘ஓடு’ என்பது ‘ஓட்டு’ என்றாவதுபோல, டகரம் இரட்டித்துக் ‘கூட்டு’ எனப் பிறவினையாகும்: ‘தலைவர் அவையைக் கூட்டினார்’. சிதறிக் கிடக்கும் குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பதால் பெருக்குதலும் கூட்டுதல் எனப்பட்டது. எண்களைச் சேர்ப்பது கூட்டல். பருப்பும் காயும் சேர்த்துச் சமைப்பது கூட்டு. சேரச் சேர அளவு மிகுமாதலால், ‘விலை கூடியது’ என மிகுதிப் பொருளும் தோன்றியது.

சேர்தலிலிருந்து இயலுதல்

ஒரு செயல் நிறைவேறக் காலம், இடம், பொருள், ஆள் ஆகியவை ஒருங்கே அமைதல் வேண்டும். அவ்வாறு அமைவதையே ‘காரியம் கைகூடியது’, ‘திருமணம் கூடிவந்தது’ என்கிறோம். இவ்வழியே ‘கூடும்’ என்பதற்கு ‘இயலும்’ என்னும் பொருள் அமைந்தது. ‘மழை வரக்கூடும்’ என்னும்போது அது வாய்ப்பை உணர்த்துகிறது. இதன் எதிர்மறையாகிய ‘கூடாது’, முதலில் ‘இயலாது’ என்றும், பின்னர் ‘செய்யத் தகாது’ என்றும் பொருள்பட்டது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் இவ்வினையின் எதிர்மறை வடிவம் விலக்குப் பொருளில் வழங்குவது கருதத்தக்கது.

குறளில் ‘கூடா’

‘கூடாநட்பு’ என்பதில் ‘கூடா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இங்கு அது விலக்கைக் குறிக்கவில்லை. வினையின் முதற்பொருளிலேயே நிற்கிறது. உள்ளத்தால் சேராதிருந்து, தமக்கு வாய்ப்பான காலம் வரும்வரை புறத்தே சேர்ந்து பழகுவோரின் நட்பு என்றே பரிமேலழகரும் விளக்குகிறார். 28ஆம் அதிகாரமாகிய ‘கூடாவொழுக்கம்’ என்பதும் மேற்கொண்ட தவத்தோடு பொருந்தாத ஒழுக்கத்தையே குறிக்கிறது.

தீயோர் நட்பை விலக்குவதற்கெனத் ‘தீநட்பு’ என்னும் 82ஆம் அதிகாரம் தனியே உள்ளது. ‘கூடாநட்பு’ என்பதற்கும் அதே பொருளைக் கொண்டால், வள்ளுவர் ஒன்றையே இருமுறை கூறினார் என்றாகிவிடும். தீநட்பில் குறை நண்பரின் பண்பில் உள்ளது. கூடாநட்பிலோ உள்ளங்கள் சேராமையில் உள்ளது. சொல்லின் முதற்பொருளை அறிந்தால்தான் இந்நுண்ணிய வேறுபாடு விளங்கும். பழைய நூல்களைப் பயிலும்போது, ஒரு சொல்லுக்கு நாம் இன்று வழங்கும் பொருளோடு நின்றுவிடாமல், அந்நூல் எழுந்த காலத்துப் பொருளையும் தேடி அறிதல் வேண்டும்.