எலும்பு முறியவில்லை, கை ஏன் எழவில்லை?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் சந்திக்கும் இடம் வேப்பூர். இத்தகைய ஒரு சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்லும் ஒருவர் சறுக்கி, தோள் தரையில் மோத விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரே படத்தில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் கை துவண்டு தொங்குகிறது. ஏன்?

கழுத்தில், தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்படுகின்றன. அவை ஒன்றோடொன்று பின்னி, தோள் வழியாகக் கைக்குச் செல்கின்றன. விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் விலகினால், இப்பின்னல் இழுபட்டு நைந்துவிடும். சில வேளை அறுந்தும் போகும். நரம்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாது.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? விருத்தாசலத்தில் செய்யப்படும் பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். எந்த அறையில் விளக்கு எரியவில்லையோ, அதைக்கொண்டு எந்தப் பியூஸ் போயிற்று என்று அறிகிறோம் அல்லவா? மருத்துவரும் அப்படியே செய்கிறார்.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் முடியவில்லையா? பழுது மேல் வேர்களில் இருக்கலாம். முழங்கையை நீட்ட முடியவில்லையா? நடு வேரில். விரல்களை மடக்கவோ விரிக்கவோ முடியவில்லையா? கீழ் வேர்களில். பஞ்சால் தொட்டு, எங்கே உணர்ச்சி இல்லை என்றும் பார்ப்பார். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து, கண்மணி சுருங்கியிருந்தால், கீழ் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கலாம்! கைக்குப் பட்ட அடி கண்ணில் தெரிவது வியப்பல்லவா?

சுமார் மூன்று வாரங்களுக்குப் பின் தசைகளின் மின் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. படமும் உதவும்.

இலேசான காயம் தானே ஆறிவிடும். அறுந்த நரம்பை அறுவை செய்து இணைக்க வேண்டும். அல்லது வேலை செய்யும் பக்கத்து நரம்பிலிருந்து சில இழைகளைப் பிரித்து இணைக்க வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் ஓபர்லின், முழங்கையை மடக்கும் தசைக்கு இவ்வாறு இழை தரும் முறையை 1994இல் வெளியிட்டார்.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். இணைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். 25 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள தசையை அடைய எத்தனை நாள்? 250 நாள்! நரம்பின் தொடர்பற்ற தசையோ ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை ஆண்டுகளில் மீட்க முடியாதபடி நலிந்துவிடும். ஆகவே, பல மாதம் எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தால் பந்தயத்தில் தசை தோற்றுவிடும்.

விபத்துக்குப் பின் எலும்பு நன்றாயிருந்தும் கை எழவில்லை என்றால், "நரம்பைச் சோதித்தீர்களா, ஐயா?" என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு கையைக் காப்பாற்றலாம்.