விதிமுறைகளில் விளையும் பசி

‘ஐ, டேனியல் பிளேக்’ படம் தொடங்கும்போது திரையில் எந்த முகமும் இல்லை. கறுப்புத் திரையில் பெயர்கள் வந்துபோக, இரண்டு குரல்கள் மட்டும் கேட்கின்றன. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா, தொலைபேசிப் பொத்தானை அழுத்த முடியுமா என்று ஒரு பெண் வரிசையாகக் கேட்கிறார். கைகாலெல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, இதயம்தான் பழுது என்று எதிரில் இருப்பவர் சொல்லிப் பார்க்கிறார். அந்தக் கேள்விப் பட்டியலில் இதயத்துக்கு இடமில்லை.

படத்தொகுப்பு என் தொழில். நாயகனின் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் முதலில் விடத் துணிச்சல் வேண்டும். அவர் யாரென்று தெரியும் முன்பே, எதனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச், தொழிலாளர்களின் துயரத்தை ஆண்டாண்டு காலமாக இப்படித்தான் காட்டிவந்திருக்கிறார்.

டேனியல் நியூகாசிலில் வாழும் 59 வயதுத் தச்சர். மாரடைப்பு வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது என்கிறார் மருத்துவர். அரசின் மதிப்பீட்டில் அவருக்குக் கிடைப்பது 12 புள்ளிகள். உதவித்தொகைக்கு 15 வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை வயிற்றைக் கழுவ, வேலை தேடுவோருக்கான படியைக் கேட்கிறார். அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேடியதாகக் காட்ட வேண்டும். செய்யக் கூடாத வேலையைத் தேடி அலைகிறார். ஒருவர் நிஜமாகவே வேலை தர முன்வரும்போது மறுக்க நேர்கிறது, ஏச்சும் வாங்குகிறார்.

லண்டனில் வீடு கிடைக்காமல், அறிமுகமே இல்லாத நியூகாசிலுக்கு அனுப்பப்பட்ட கேட்டி, இரண்டு பிள்ளைகளின் தாய். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடப்பவர். உணவு வங்கியில் அலமாரி ஓரமாகத் திரும்பி, ஒரு டின்னைத் திறந்து வெறும் கையால் அள்ளித் தின்றுவிடுகிறார். கேமரா அவர் முகத்தை நோக்கிப் பாய்வதில்லை. ஒரு மனுஷியின் மானத்தைக் காக்கும் தூரம் அது.

லோச் கதை நடக்கும் வரிசையிலேயே படம் பிடிப்பவர். முழுத் திரைக்கதையையும் நடிகர்களுக்கு முன்கூட்டித் தருவதில்லை. பழகிய நட்சத்திரங்களையும் தேடுவதில்லை. டேனியலாக வந்த டேவ் ஜான்ஸ் மேடை நகைச்சுவையாளர். 1969இல் வந்த லோச்சின் ‘கெஸ்’ படத்தில், வல்லூறை வளர்க்கும் சுரங்கத் தொழிலாளி வீட்டுச் சிறுவனாக நடித்த டேவிட் பிராட்லி, கதை நடக்கும் பார்ன்ஸ்லியைச் சேர்ந்த பள்ளி மாணவர்.

லோச் இயக்கி 1966இல் பிபிசி ஒளிபரப்பிய ‘கேத்தி கம் ஹோம்’ படம் ஒரு இளம் குடும்பம் வீடிழந்து சிதறுவதைக் காட்டியது. நாடே அதிர்ந்தது. அடுத்த மாதமே தொடங்கப்பட்ட ‘ஷெல்டர்’ என்ற தொண்டு அமைப்புக்கு அந்த அதிர்ச்சி பெரும் பலமானது. லோச்சுக்கு அது போதவில்லை. நிலம் யார் கையில், வீடு கட்டும் தொழில் யார் லாபத்துக்கு என்ற கேள்விகளைப் படம் தொடவில்லையே என்று பின்னாளில் அவரே குறைப்பட்டார். அவருடைய பிந்தைய படங்களில் அரசியல் கூர்மையடைந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

‘ஐ, டேனியல் பிளேக்’ 2016இல் கேன்ஸ் விழாவின் தங்கப்பனை விருதை வென்றது. நலத்துறை அமைச்சராக இருந்த இயன் டங்கன் ஸ்மித், படம் நியாயமாக இல்லை என்றார். நான் அதை ஏற்கவில்லை. இதே படத்தில் ஆன் என்ற அலுவலர் வருகிறார். கணினி தெரியாமல் தடுமாறும் டேனியலுக்கு உதவுகிறார். அதற்காகவே மேலாளரிடம் திட்டு வாங்குகிறார். அலுவலகத்திலும் நல்லவர்கள் உண்டு என்பதை லோச் மறைக்கவில்லை. அந்த நல்ல மனத்துக்கும் விதிமுறை தடை போடுகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

கேட்டியைப் பார்த்து நமக்குக் கண் கலங்கும். கலங்கட்டும். ஆனால் அந்த 15 புள்ளிகளையும் 35 மணி நேரத்தையும் மனிதர்கள்தான் எழுதிவைத்தார்கள். மனிதர்கள் எழுதியதை மனிதர்கள் மாற்ற முடியும். இந்த நம்பிக்கை இருப்பதால்தான் லோச்சின் படங்களை அழுகைப் படங்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.