அப்டேட்டுக்கு ஒரு வாரத் தவணை

மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் ஒரு நியமத்தை அனுஷ்டித்து வருகிறார்கள். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி அடிக்கும் வேளையில், விண்டோஸ் இயங்குதளத்தில் அதுவரை தெரியவந்த ஓட்டைகளுக்கெல்லாம் ஒரே கட்டாகப் பரிகாரத்தை வெளியிடுகிறார்கள். நம் கடிகாரத்துக்கு அது இரவு பத்தரை மணி. அங்கே குளிர்காலமானால் பதினொன்றரை. புதன்கிழமை மாலையில் பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகக் கிளம்புகிற குமாஸ்தாவின் திரையில், கணினியை அணைக்க வேண்டாம் என்ற வாசகமும் சுழலும் வட்டமும் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நெடுங்காலம் இது பெரிய உபத்திரவமாகத் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் கணினியின் சொந்தக்காரருக்கு இருந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டு உபயோகத்துக்கான ‘ஹோம்’ பதிப்பில் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரம், பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் தன் இஷ்டப்படி ரீஸ்டார்ட் ஆகப் போகிறதென்றால் எவருக்குத்தான் ஆத்திரம் வராது? அந்த ஆத்திரத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் வேகத்தில் பலர் அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஒரு வாரத் தவணை கேட்டு வாங்கிக்கொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

ரீஸ்டார்ட் ஏன் தேவைப்படுகிறது? விண்டோஸ், தான் உபயோகித்துக்கொண்டிருக்கும் கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. திரையில் எழுத்துக் காட்டுவது, நெட்வொர்க்கோடு பேசுவது முதலிய காரியங்களுக்குரிய கோப்புகளோ, கணினி விழித்திருக்கும் நேரமெல்லாம் உபயோகத்தில் இருப்பவை. படுத்திருப்பவனை எழுப்பாமல் பாயை உருவ முடியாதல்லவா? ஆகவே புதிய கோப்புகளை இறக்கித் தனியிடத்தில் சேர்த்து, எதற்குப் பதிலாக எது என்று ஒரு ஜாபிதாவும் எழுதிக்கொண்டு, கணினி அணைந்து மீண்டும் எழும் இடைவேளையில், மற்ற மென்பொருள்கள் கண்விழிப்பதற்கு முன்பாக அந்த மாற்றத்தைச் செய்து முடிக்கிறது. திரையில் சதவீதக் கணக்கு ஊர்ந்து செல்வது அப்போதுதான். அந்தச் சமயத்தில் ஸ்விட்சை அணைப்பது விபரீதம். லினக்ஸில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே பழைய கோப்பின் பெயரைப் புதிய கோப்புக்குச் சூட்டிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் பழையதையே பிடித்துக்கொண்டு தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆயினும் கெர்னல் எனப்படும் மூலபாகத்தையே மாற்ற நேர்ந்தால், அங்கும் ரீஸ்டார்ட் பெரும்பாலும் தப்பாது.

இனி, அப்டேட்டே வேண்டாமென்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஓட்டைக்குப் பரிகாரம் வெளியாகும் கணமே, ஓட்டை இருந்த இடமும் உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்புநோக்கி, எந்தக் கட்டளைகள் மாறியிருக்கின்றன என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. மாறிய இடத்தைப் பிடித்தால் ஓட்டையைப் பிடித்ததாகும். திருடர்களும் அந்தக் கருவிகளை அறிவார்கள். 2017 மார்ச் 14-ஆம் தேதி, இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டில் இருந்த ஓர் ஓட்டைக்குப் பரிகாரம் வந்தது. அமெரிக்க உளவு ஸ்தாபனமான என்.எஸ்.ஏ.யிடமிருந்து களவுபோயிருந்த உபாயம், அந்த ஓட்டைக்குள் நுழைவதற்கென்றே அமைந்தது, ஏப்ரலில் பகிரங்கமாயிற்று. மே 12 அன்று ‘வானாக்ரை’ என்ற நாசகார மென்பொருள் அதே வழியாகப் புகுந்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானாகவே தாவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அல்லலுற்றன. அங்கே பீடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பரிகாரம் கிடைத்தும் அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். இடையில் இருந்த அவகாசம் 59 நாட்கள். ஒருவருடைய அலட்சியம் பக்கத்து மேஜைக்காரரையும் பாதிக்கும் என்பதனால், அப்டேட்டை மறுப்பதைச் சொந்த விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

அவசரப்பட்டாலும் ஆபத்துதான். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களுக்குள் அதை நிறுத்திவைத்து, நவம்பர் 13-ஆம் தேதிதான் திரும்ப வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் அகப்பட்டுக்கொண்டவர்கள், தானாக வரும் வரை காத்திராமல், செட்டிங்ஸுக்குள் போய் ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ என்பதைத் தாமே அமுக்கியவர்கள். 2021 மார்ச் 9-ஆம் தேதி வந்த மாதாந்தர அப்டேட்டோ, சில வகைப் பிரிண்டர்களுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்த மாத்திரத்தில் கணினியை நீலத் திரையில் கொண்டுபோய் நிறுத்திற்று; மார்ச் 15 முதல் அதற்குத் திருத்தம் வரத் தொடங்கியது. ஒரு வாரம் பொறுத்திருந்த அலுவலகங்களுக்கு இந்த அவஸ்தை பெரும்பாலும் நேர்ந்திராது.

தவணை வாங்குவதற்கு விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஹோம் பதிப்பில் செட்டிங்ஸைத் திறந்து ‘பாஸ் அப்டேட்ஸ்’ என்பதன் மூலம் ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை ஒத்திப்போடலாம். கெடு முடிந்தபின் வந்திருப்பதைப் போட்டுக்கொண்டால்தான் மறுபடியும் ஒத்திப்போட இடமுண்டு. இது நல்ல விதி. ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற இடத்தில், பதினெட்டு மணி நேரத்துக்கு மேற்படாமல் வேலை நேரத்தைக் குறித்துவிட்டால், அந்நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவைத்தால், டேட்டா தீர்ந்துபோகும் கவலை பெருமளவு குறையும்.

அலுவலகத்துக்கு ‘புரோ’ பதிப்பே உசிதம். அதில் குரூப் பாலிசியின் மூலம் மாதாந்தர அப்டேட்டை 30 நாள் வரையிலும், பெரிய அப்டேட்டை 365 நாள் வரையிலும் தள்ளிவைக்கலாம். முப்பது நாளையும் எடுத்துக்கொள்வது வீண் துணிச்சல். சில்லறை வேலைக்குள்ள இரண்டொரு கணினிகளில் உடனே போட்டுப் பார்த்து, பிரிண்டரும் ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று கவனித்து, ஒரு வாரம் கழித்து மற்றவற்றில் போடுவது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் முறை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டாவது செவ்வாய் எட்டாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் இடையில் விழுவதால், ஒரு வாரத் தவணை சில மாதங்களில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியை ஒட்டி வந்து நிற்கும். கணக்குப் பிரிவின் கணினிகளுக்கு மாத்திரம் அந்தத் தேதி கடக்கும்வரை அவகாசம் கொடுப்பது நலம்.

தவணை கேட்கவே வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டிற்று. அன்று வந்தது விண்டோஸ் அப்டேட் அன்று; கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோப்பு. முந்திய பதிப்பிலேயே நிற்பதாக ஏற்பாடு செய்திருந்தவர்களையும் அது விடவில்லை. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலற்றுப்போயின. இனிப் படிப்படியாகவே அனுப்புவதாகவும், எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளர்களுக்கு அதிகாரம் தருவதாகவும் அந்நிறுவனம் பிறகு வாக்களித்தது.

கணினியைச் சேர்த்துக் கொடுக்கும் கடைக்காரர்களில் சிலர், பிற்பாடு தொந்தரவு வராதிருக்கட்டும் என்று அப்டேட்டையே முடக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாசகர்கள் தங்கள் கணினியின் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, கடைசியாகப் போட்டது எந்தத் தேதியில் என்று பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்; அது இரண்டு மாதத்துக்கு முந்தியதாயிருந்தால், முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இன்று இரவே அப்டேட்டைப் போட்டுவிடுங்கள்.