ஹனோய் நகரத்து ஃபோ கடை

ஹனோய் நகரத்தின் பழைய தெருக்களில், பொழுது நன்றாகப் புலர்வதற்கு முன்பே, முழங்கால் உயரங்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலிகளை நடைபாதையில் போட்டுக்கொண்டு, உத்தியோகத்துக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த ஸ்திரீகளும் அருகருகே அமர்ந்து, ஆவி பறக்கும் கிண்ணங்களின்மீது தலை குனிந்திருப்பதைக் காணலாம். அவர்கள் உண்பது ஃபோ. மாட்டெலும்பைக் காய்ச்சி எடுத்த தெளிந்த சாற்றில் அரிசி நாடாக்களையும் மெல்லிய இறைச்சித் துண்டுகளையும் இட்டுத் தரும் இந்த ஒரு பதார்த்தத்தையே நம்பி நடக்கும் கடைகள் அங்கே ஏராளம். கிண்ணத்தை நிரப்ப ஒரு நிமிஷம் போதும். ஆனால் கடைக்காரருடைய சாமர்த்தியமெல்லாம், நாம் அங்கே போய் உட்காருவதற்கு முந்திய இரவிலேயே செலவழிந்துவிட்டது.

இதைப் புராதன ஆகாரம் என்று எண்ணுவோர் உண்டு. இதன் வயதோ நூறாண்டுக்குச் சற்றே அதிகம். உழவுக்காக மாடு வளர்த்த வடவியட்நாம் குடியானவர்கள் அதன் இறைச்சியை அபூர்வமாகவே உண்டனர். பிரெஞ்சு ஆட்சி வந்து வெள்ளையருடைய மேஜைக்கு மாட்டிறைச்சி வேண்டியிருந்தபோது, அவர்கள் கழித்துவிட்ட எலும்பு மலிவாகக் கிடைத்தது. அந்த எலும்பிலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாம் தின் என்ற பிரதேசத்திலும் ஹனோயிலும் தோளில் காவடி கட்டிக்கொண்டு திரிந்த வியாபாரிகள் இதை உருவாக்கினார்கள். 1954இல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லக்ஷக்கணக்கானோர் தெற்கே சென்றனர். ஃபோவும் அவர்களோடு ஸைகோனுக்குப் போயிற்று. யுத்தம் முடிந்த 1975க்குப் பின் அகதிகளோடு கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியது. அந்த யுத்த காலத்து ஹனோயில், அரசாங்கக் கடைகளில் இறைச்சியே இல்லாமல் கிடைத்த கிண்ணத்தை, அமெரிக்கரின் ஆளில்லா விமானங்களை நினைத்து, ‘விமானியில்லாத ஃபோ’ என்று ஜனங்கள் பரிகசித்தார்களாம். பஞ்சத்திலும் பரிகாசம் செய்யத் தெரிந்தவர்கள்!

சாறு காய்ச்சுவதுதான் இந்த வித்தையின் ஜீவன். எலும்பை முதலில் கொதிநீரில் போட்டு, பொங்கிவரும் இரத்தக் கசடோடு அந்த நீரைக் கொட்டிவிட்டு, கழுவிய எலும்பை மறுபடி புதுநீரில் இட்டு, 8 முதல் 12 மணி நேரம், நீர் கொதித்தும் கொதியாததுமாய் மேலே இரண்டொரு குமிழி மட்டும் எழும்படியான தணலில் வைத்து, நுரையை அவ்வப்போது அகப்பையால் வழித்தெடுக்கிறார்கள். தீயை மூட்டி விரைவாக முடித்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாய்ச் சிதறி நீரோடு கலந்து, சாறு பால்போல் கலங்கிவிடும், பின்பு அதைத் தெளிவிப்பது பெரும் பிரயாசை. மெதுவான சூட்டிலோ, எலும்பையும் தசைநாரையும் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் சிறிது சிறிதாக அவிழ்ந்து ஜெலட்டினாக மாறி, தெளிவு கெடாமலே சாற்றுக்கு ஒரு கனத்தைத் தருகிறது. நாவில் அது வழவழப்பாகப் படிவதன் காரணம் இதுவே.

வாசனைக்கு இஞ்சியும் வெங்காயமும் தோலோடு தணலில் கரியச் சுடப்படுகின்றன. அன்னாசிப்பூ, பட்டை, பெரிய ஏலக்காய் முதலியவற்றை வெறும் சட்டியில் வறுத்து, துணியில் முடிந்து, கடைசிக் கட்டத்தில்தான் கொப்பரையில் விடுகிறார்கள். இரவு முழுதும் அவை வெந்தால் வாசனைத் தைலமெல்லாம் ஆவியோடு போய்விடும். இதில் சேரும் அன்னாசிப்பூ நம் பிரியாணியில் விழுவதேதான்; வியட்நாமின் வடகோடியிலுள்ள லாங் ஸோன் மலைப்பகுதி அதன் விளைச்சலுக்குப் பிரசித்தமானது. உப்புக்கு மட்டுமல்லாமல் ருசிக்கும், நெத்திலியை உப்பிட்டு ஓராண்டளவு ஊறவைத்து வடித்த மீன்சாறு சேர்கிறது. 1908இல் ஜப்பானிய ரஸாயன அறிஞர் கிகுனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் என்ற ருசிப்பொருள் இதிலும் மிகுதி. இறைச்சியிலுள்ள இனோஸினேட் என்ற இன்னொரு ருசிப்பொருளோடு அது சேர்கையில், இரண்டின் தனித்தனி ருசியைக் கூட்டினால் வருவதைக் காட்டிலும் பன்மடங்கு ருசி பிறக்கிறது.

நாடாவை நம் இடியாப்பத்தைப்போல் பிழிவதில்லை. ஊறிய அரிசியை அரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் கட்டிய துணிமேல் மாவை மெல்லப் பரப்பி, ஆவியில் வெந்த தகட்டை உரித்து நறுக்குகிறார்கள். பச்சை இறைச்சியைச் சிலர் விரும்பிக் கேட்பார்கள். அதைக் காகிதம்போல் சீவி நாடாவின்மேல் பரப்பி, கொதிசாற்றை ஊற்றினால், அந்த க்ஷணமே சிவப்பு வெளிறி வெந்துவிடும். அடுப்பின் வேலையைக் கிண்ணமே செய்கிறது.

ஸைகோன் கடைகளில் தட்டு நிறையத் துளசியினத் தழையும் முளைகட்டிய பயறும் இனிப்பான சோயாக் குழம்பும் கூடவே வரும். ஹனோயில் வெங்காயத்தாள், பூண்டு ஊறிய காடி, மிளகாய், தொட்டுத் தின்ன எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, இவ்வளவே. தெற்கத்திய தாராளம் நாவுக்கு உகந்ததுதான். எனினும் சாற்றின் யோக்கியதையை அறிய வடக்கத்திய சிக்கனமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஆதலால், எந்த ஊர்க் கடையில் அமர்ந்தாலும், எதையும் சேர்ப்பதற்கு முன் ஒரு கரண்டிச் சாற்றை அப்படியே அருந்திப் பாருங்கள். பிறகு தாமதிக்காமல் உண்ணுங்கள், நாடா ஊறிப் பருத்துவிடும். ஹனோயில் கொப்பரை காலியானவுடன் அடைத்துவிடும் கடைகள் பல. காலையிலேயே போவது நல்லது.