பொறியின் நினைவும் செவியின் நினைவும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலே சிறுவன் ஒருவன் கட்டபொம்மனாக மேடையேறவிருந்தான். பந்துலு இயக்க, சக்தி கிருஷ்ணசாமி உரையாடல் தீட்ட, 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில், ஜாக்சன் துரையின் முன் அம்மன்னன் வரி மறுத்து முழங்கும் காட்சியை அறியாத தமிழர் மிகச் சிலரே. அவ்வசனத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பொறி ஒன்றிடம் கேட்டு எழுதி வந்திருந்தான் சிறுவன். ஒத்திகையைக் கேட்ட முதியவர் ஒருவர், “தம்பி, மிடுக்கு இருக்கிறது, ஆனால் இது அந்த வசனம் அன்று” என்றார்.

ஐயம் தீர, படத்தையே ஓடவிட்டுத் தாளோடு சொல் சொல்லாக ஒப்புநோக்கினோம். படத்தின் ஆண்டு சரி. வசனகர்த்தாவின் பெயர் சரி. தொடக்க வரியும் பிழையற்றிருந்தது. அதன்பின் வந்தவற்றிலோ வரிகள் இடம் மாறியிருந்தன. படத்தில் இல்லாத அடுக்குமொழிகள் இரண்டும் புகுந்திருந்தன.

காரணம் யாது? இப்பொறி வசனத்தை இசைத்தட்டுப் போலத் தன்னுள் பதித்து வைத்திருப்பதன்று. தான் பயின்ற பெருந்தொகையான எழுத்துக்களைக் கொண்டு, ஒரு சொல்லின்பின் எச்சொல் வரத்தகும் என்று கணித்துக் கணித்தே விடை தொடுக்கிறது. பன்முறை எழுதப்பட்ட வரி அதனிடம் ஆழப் பதியும். அருகி எழுதப்பட்டதை ஏற்றதொரு சொல்லால் அது நிரப்பிவிடும். மக்கள் பிழையாக எழுதியதே மிகுந்திருப்பின், அப்பிழையையே உரைக்கவும் கூடும்.

மக்கள் நினைவும் பழுதற்றதன்று. 1975-இல் வெளிவந்த ‘ஷோலே’ இந்திப் படத்தில், ‘எத்தனை பேர் இருந்தனர்’ என்று கப்பர் சிங் சாம்பாவைக் கேட்பதாகவே பலரும் நடித்துக் காட்டுவர். உண்மையில் அவ்வினா காலியாவை நோக்கியது. சாம்பாவிடம் கேட்கப்பட்டதோ, கப்பரின் தலைக்கு அரசு வைத்த பரிசுத்தொகை!

ஆகவே அன்பர்களே, பொறியிடம் கேட்பதில் குற்றமில்லை. ஆயின் அவ்வசனத்தை யார், யாரிடம், எக்காட்சியில் கூறினார் என்றும் வினவுங்கள். புதிதாக மறுமுறை கேட்டு, இரு விடைகளும் ஒத்துள்ளனவா என்று பாருங்கள். ஒத்திருப்பினும் முடிவாகப் படத்தையே கேட்டுத் தெளியுங்கள். தமிழ்ப் பள்ளி எட்டாத ஊர்களில் வாழும் நம் மக்கட்குத் திரைவசனமே தமிழூட்டிய வீடுகள் பல. அங்கே திரிந்த சொல் ஒன்று புகுந்தால், அதுவே அடுத்த தலைமுறைக்கு மூலமாகிவிடும்.

அச்சிறுவன் மூன்று நாட்கள் படத்தைக் கேட்டுக் கேட்டே பாடம் செய்தான். விழாவன்று அவன் முழங்கியபோது, முன்வரிசையிலிருந்த அம்முதியவரின் உதடுகளும் உடன் அசைந்தன.